அந்தக் கடைசிச் சோதனையையும் செய்யுங்கள்

அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்களுக்கு,

வணக்கம். கழுத்து முள்ளெலும்பு முறிந்து தண்டுவடம் காயமுற்ற என் தம்பியைச் சேர்த்த இரவிலேயே, “இனி நடக்க மாட்டார்” என்று சொல்லிவிட்டார்கள். கால்களை அசைக்கச் சொன்னார்கள், அசையவில்லை. சோதனை அதோடு முடிந்தது.

ஐந்தாம் நாள் வேறொரு மருத்துவர் பஞ்சும் ஊசியுமாக வந்தார். பின்தலையில் தொடங்கி, பக்கத்துக்கு 28 இடங்களில் தொடு உணர்வையும் குத்துணர்வையும் பார்த்தார். பக்கத்துக்கு 10 தசைகளின் வலுவைக் குறித்துக்கொண்டார். கடைசியாக எங்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு ஆசனவாயைச் சோதித்தார். தண்டுவடத்தின் கடைசி நரம்புகள் போய்ச் சேரும் இடம் அது. அங்கே உணர்வு இருந்தது! முழுமையான காயம், அதாவது ‘ஏ’ என்று எழுதியிருந்ததை அடித்து ‘பி’, அதாவது உணர்வு மட்டும் மிஞ்சிய முழுமையற்ற காயம் என்று மாற்றினார். நடந்துவிடுவான் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. குத்துணர்வு மிஞ்சியிருந்தால் தசை இயக்கம் திரும்பும் வாய்ப்பு கூடுதல் என்று மட்டும் விளக்கினார். அதுவே எங்களுக்குப் போதுமாக இருந்தது.

காயம்பட்டதும் தண்டுவடம் தற்காலிகமாகச் செயலிழக்கும் ‘தண்டுவட அதிர்ச்சி’யில் முதல் நாள் அனிச்சைச் செயல்கள்கூட அடங்கிக் கிடக்கும், 72 மணி நேரம் கழித்துச் செய்யும் சோதனையே கூடுதல் நம்பகமானது என்பதெல்லாம் நீங்கள் அறிந்தவை. பிறகு ஏன் முதல் இரவிலேயே தீர்ப்பு? இரத்த அழுத்தம் சரியாமல் காப்பதும், தேவையானவருக்கு 24 மணி நேரத்துக்குள் தண்டுவடத்தின் மீதான அழுத்தத்தை நீக்குவதும்தான் அப்போது அவசரம்.

அவசரத் தீர்ப்பு நோயாளியை எல்லோரும் கைவிடும்படி செய்கிறது. தம்பியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இடுப்பின் பின்புறம் புண் வந்தது. அது ஆறும்வரை உட்கார்ந்து செய்யும் பயிற்சிகள் எல்லாம் நின்றுபோயின. படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும் விதியல்ல, தடுக்கக்கூடியவை என்பதை மருத்துவர் லுட்விக் குட்மன் 1944 முதல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் செய்துகாட்டினார். எவ்வளவு பழைய பாடம்!

இன்னொன்று. வீட்டுக்கு வந்தபின் ஒருநாள் தம்பிக்குத் தலை வெடிப்பதுபோல் வலித்தது, முகம் வியர்த்துக் கொட்டியது. சிறுநீர்க் குழாய் மடங்கியிருந்ததே காரணம். மார்புத் தண்டுவடத்தின் ஆறாம் மட்டத்திலோ அதற்கு மேலோ காயமுற்றவர்களுக்கு இப்படி இரத்த அழுத்தம் எகிறி உயிருக்கே ஆபத்தாகலாம். உடனே நிமிர்த்தி உட்கார வை, உடையைத் தளர்த்து, குழாயைப் பார், அடங்காவிட்டால் மருத்துவமனைக்கு ஓடு: வீட்டுக்கு அனுப்பும் நாளில் இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் அக்கா