கழற்றுவதற்கு முன்னால்

திருவான்மியூர், சென்னை-41
ஐப்பசி, அடைமழை

அன்புள்ள சேகர்,

கடிதமும் உன் பழைய ராலே சைக்கிளின் நான்கு படங்களும் கிடைத்தன. இங்கே மூன்று நாளாக மழை விடவில்லை. வெளியே போக வழியில்லாததால் உன் படங்களைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பின்சக்கரத்தின் நடுவில் மூன்று கியரும் அடங்கிய ஹப்பில் ‘ஏடபிள்யூ’ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் 61, 7 என்று அடித்திருக்கிறதே, அது 1961 ஜூலை. அந்த ஹப்பைச் செய்த ஸ்டர்மி ஆர்ச்சர்காரன் அந்தக் காலத்தில் வருஷத்தையும் மாசத்தையும் ஹப் மேலேயே அடித்து அனுப்புவான். நடுவில் யாரும் சக்கரத்தை மாற்றாமல் இருந்தால் உன் ராலேயின் வயதும் ஏறக்குறைய அதுதான்.

கும்பகோணத்துக் கடைக்காரர் “ரெண்டு நாள்ல ஓவராயில் பண்ணி ஸ்ப்ரே அடிச்சுப் புதுசாக்கித் தர்றேன்” என்றாராம். கொடுத்துவிடாதே. அவர் கெட்டிக்காரராகவே இருக்கலாம். ஆனால் அவர் கை பழகியது 28 அங்குல வண்டியில். 1949-ல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் அம்பத்தூரில் ஹெர்குலிஸும் பிஎஸ்ஏவும் ஃபிலிப்ஸும் போட்டுத் தள்ளியதில், அந்த வண்டிகளுக்குச் சாமான் கிடைக்காத ஊரே இல்லை. ஒன்று உடைந்தால் இன்னொன்று. உன் வண்டியில் அந்த வசதி கிடையாது. அறுபது வருஷம் கொட்டகையில் கிடந்து கெட்டதைவிட, கழற்றுகிற ஒரு மணி நேரத்தில் கெடப்போவதுதான் அதிகம்.

முதல் சிக்கல் மரை. மற்ற இங்கிலீஷ் வண்டிகளில் ஃபோர்க்கிலும் பிபி கப்பிலும் (பிபி என்பது ஃப்ரேமின் அடியில் பெடல் ஆக்சில் சுழலும் இடம்) அங்குலத்துக்கு 24 மரை. ராலேக்காரன் மட்டும் தனக்கென்று 26 வைத்துக்கொண்டான். கடையில் வாங்கிய புதுக் கப்பை வைத்துத் திருகினால் இரண்டு சுற்று நல்ல பிள்ளையாக ஏறும், மூன்றாவதில் முறைக்கும். அங்கே பெரிய ஸ்பேனரைப் போட்டு முறுக்கினால் ஃப்ரேமின் மரை போய்விடும், அதோடு வண்டியும் போயிற்று. அதனால் கப், கோன், லாக் நட் எதையும் தூக்கிப் போடாதே. கறுத்திருந்தாலும் குழி விழாமல் இருந்தால் அது நல்ல கப்தான். செயின் பக்கத்துக் கப் இடது மரை. அதைக் கழற்றவே வேண்டாம். இடது கப்பையும் ஆக்சிலையும் வெளியே எடுத்துவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்து, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் உள்ளேயே துடைத்துவிடு.

அந்த ஆக்சிலை எடுக்கப் பெடலைத் தாங்கும் கிராங்க் கழல வேண்டும், கிராங்க் கழல அதை ஆக்சிலோடு பூட்டுகிற ஆப்பான காட்டர் பின் வர வேண்டும். பாதி வண்டிகள் சாகிற இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படி. முதல் நாள் ராத்திரியே பின்னைச் சுற்றி டபிள்யூடி-40 விட்டு வை. மறுநாள் நட்டை முழுசாகக் கழற்றாமல், நட்டின் மேல்முகமும் பின்னின் நுனியும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை தளர்த்து. அடி நட்டின் மேலும் பரவி விழுந்தால்தான் பின்னின் மரை நசுங்காது. ஒரு அங்குல ஜிஐ குழாய் ஒன்றை, தரையிலிருந்து கிராங்கின் அடிப்பக்கம் வரை சரியாக முட்டுகிற உயரத்துக்கு அறுத்துக்கொள். கிராங்க் தரைக்கு இணையாக, நட்டு மேலே, பின்னின் தடித்த தலை குழாயின் ஓட்டைக்குள். இப்போது இரண்டு ராத்தல் சுத்தியலால் ஒரே அடி. பத்துச் சின்ன அடி அடித்தால் நுனி காளான் மாதிரி விரிந்துகொள்ளும், பிறகு டிரில் போட்டுத்தான் எடுக்க வேண்டும். குழாய் எதற்கு என்கிறாயா? அது இல்லாவிட்டால் அடி முழுக்க ஆக்சில் வழியாகப் பால்ரஸில் இறங்கிக் கப்பில் குழி போடும். ஓவராயில் செய்த மறுநாளே “கடக் கடக்” என்று சத்தம் வருகிற வண்டிகளுக்கெல்லாம் காரணம் இதுதான்.

புதுப் பின் 9.5 மில்லிமீட்டர் என்று கேட்டு வாங்கு. 9 மில்லிமீட்டரும் விற்கிறார்கள், அது ஆழமாக வழுக்கிக்கொண்டு போய் நிற்காது. இரண்டு பின்னும் எதிரெதிர்ப் பக்கமாக ஏற வேண்டும். சரிவான முகத்தை அரம் போட்டுத் தேய்க்க வேண்டி வந்தால் இரண்டையும் ஒரே அளவு தேய். இல்லாவிட்டால் பெடல்கள் நேருக்கு நேர் நிற்காமல் ஒன்று நொண்டும். பின்னை இழுத்து உட்கார வைப்பது நட்டு என்று நினைத்து முறுக்காதே. உட்கார வைப்பது சுத்தியல், நட்டு வெறும் காவல். முப்பது கிலோமீட்டர் ஓடிய பிறகு குழாயை வைத்து இன்னொரு தட்டுத் தட்டி நட்டை இறுக்கு.

பால்ரஸ் மட்டும் எல்லாமே புதுசு போடு. பிபிக்குக் கால் அங்குலம், பக்கத்துக்கு 11. முன்சக்கரத்துக்கு 3/16, பக்கத்துக்கு 10. பழசையும் புதுசையும் கலக்காதே, பாரம் முழுக்கப் பெரிய குண்டுகள் மேல் விழும்.

ஹேண்டில் பார் அசையவில்லை என்று எழுதியிருந்தாய். மேல் போல்ட்டை இரண்டு மூன்று சுற்று மட்டும் தளர்த்தி, அதன் தலையில் மரக்கட்டை வைத்துத் தட்டு. உள்ளே இருக்கும் கோன் கீழே விழுந்ததும் தண்டு தானாக விடும்.

ஏடபிள்யூ ஹப்பைப் பிரிக்கத் துடிக்காதே. 1936-ல் வந்த டிசைன் அது, அவ்வளவு சுலபமாகத் தேயாது. உள்ளே பெரும்பாலும் பழைய எண்ணெய் பிசினாகிக் கிடக்கும். நம் வீடுகளில் எதற்கெடுத்தாலும் தேங்காய் எண்ணெய்தானே! எண்ணெய்த் துளையில் ஒரு ஸ்பூன் மண்ணெண்ணெய் விட்டு, சக்கரத்தை ராத்திரி படுக்கப் போட்டு, காலையில் சுற்றி வடியவிடு. பிறகு ஒரு டீஸ்பூன் எஸ்ஏஇ 20 அல்லது 30 எஞ்சின் ஆயில். கிரீஸ் கூடாது, உள்ளே பல்லைப் பிடிக்கும் சின்னக் கொக்கிகள் ஒட்டிக்கொண்டு, மிதித்தாலும் பிடிக்காது. அதன் பிறகு மாசம் சில சொட்டுப் போதும். அதிகம் விட்டால் ஸ்போக் வழியாக ரிம்முக்கு இறங்கும், அப்புறம் பிரேக் பிடிக்காது.

கியர் கேபிளை இரண்டாம் கியரில் வைத்துச் சரிபார். வலது ஆக்சில் நட்டில் வட்டமான ஜன்னல் ஒன்று இருக்கும். அதன் வழியாகப் பார்த்தால் கியர் கேபிளின் சின்னச் சங்கிலியோடு சேர்ந்த கம்பியின் தோளும் ஆக்சிலின் நுனியும் ஒரே மட்டத்தில் தெரிய வேண்டும். இது தப்பினால் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே ஒரு வெற்றிடம் உண்டு, பெடல் சும்மா சுற்றும். எழுந்து நின்று மிதிக்கும்போது அது நடந்தால் நேராகப் பார் மேல்தான் விழுவாய். விழுந்தவர்கள் இரண்டாவது தடவை கேபிளைப் பார்க்காமல் ஏறுவதில்லை.

பெயிண்ட் அடிக்காதே. வேறு வார்த்தை இல்லை. அந்தத் தங்கக் கோடுகளும் தலைப்பகுதிப் பட்டையும் ஒரு தடவை போனால் போனதுதான். வண்டி பாலீஷும் மெழுகும் போதும். குரோம் துருவுக்குச் சமையல் அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய், பாதி போய்விடும். உப்புத்தாளை அந்தப் பக்கமே கொண்டுபோகாதே. சின்னச் சாமான்களை ஆக்சாலிக் ஆசிடில் ஊறப்போடலாம். லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி, பிளாஸ்டிக் வாளி, கையுறை. குழந்தைகள் கை எட்டாத இடம், அது விஷம். எடுத்ததும் சோடா உப்புத் தண்ணீரில் அலசு. அவசரத்தில் அளவைக் கூட்டினால் மஞ்சள் படலம் படிந்துவிடும்.

டயர் வாங்கும்போது அங்குலத்தை நம்பாதே. உன்னுடையது 26 × 1⅜, டயர் பக்கவாட்டில் 37-590 என்றிருக்க வேண்டும் (590 என்பது ரிம்மில் டயர் உட்காரும் விட்டம், மில்லிமீட்டரில்). மவுண்டன் பைக்கின் 26 அங்குலம் 559, உன் ரிம்மில் ஏறவே ஏறாது. நம் ஊர் 28 × 1½ என்பது 635. ரிம் மாற்ற நேர்ந்தால் ஓட்டையை எண்ணு. முன்னால் 32, பின்னால் 40 என்பது பழைய இங்கிலீஷ் கணக்கு. இப்போது வருகிற ரிம்களில் பெரும்பாலும் 36. ஸ்டீல் ரிம் அழகுதான், ஆனால் மழையில் பிரேக் கட்டை வெறுமனே வழுக்கும். இங்கே நேற்று தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். இந்த ஊரில் ஐப்பசி கார்த்திகைக்கு நான் அலுமினிய ரிம்தான் சொல்வேன், பழமைப் பிரியர்கள் திட்டினாலும் சரி. பழைய ரிம்மைத் துணி சுற்றிப் பரணில் வைத்துக்கொள்.

பொங்கலுக்கு மறுவாரம் வருவதாக எழுதியிருக்கிறாய். ஈசிஆரில் மாமல்லபுரம் போய் வரலாம். சாலை தட்டைதான், ஆனால் முற்பகலில் கடல்காற்று கிளம்பிவிட்டால் முட்டுக்காடு பாலத்தில் பக்கவாட்டில் தள்ளும். ஐந்து மணிக்கே புறப்பட்டாக வேண்டும், டைனமோ எரியட்டும். உன் வண்டியில் முன்னால் 46 பல், பின்னால் 18 என்றால் நடு கியர் 66 அங்குலம் (முன்பல்லைப் பின்பல்லால் வகுத்து, சக்கரத்தின் 26 அங்குலத்தால் பெருக்கிய கணக்கு; எண் கூடினால் மிதிக்கக் கனம்). நம் வயசுக்கும் அந்தக் காற்றுக்கும் அது கனம். பின்னால் 20 பல் போட்டால் மூன்று கியரும் 45, 60, 80 என்று வரும். அந்தப் பல்சக்கரம் ஒரு வளையக் கிளிப்பில்தான் நிற்கிறது, ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் வந்துவிடும். செயின் ஒரு கண்ணி கூடுதலாகத் தேவைப்படலாம். பாரிமுனைப் பக்கம் போகும்போது 20 பல் கிடைக்கிறதா என்று நான் பார்த்து வைக்கிறேன்.

ரயிலில் பார்சல் போடும்போது பெடல்களைக் கழற்றிவிடு. இடது பெடல் இடது மரை, மறந்து எதிர்ப்பக்கம் முறுக்காதே. கழற்றிய பழைய காட்டர் பின் இரண்டையும் எறியாமல் ஒரு டப்பாவில் போட்டு எடுத்து வா. புதுசின் சரிவை அதைப் பார்த்துத்தான் தேய்க்க வேண்டும்.

அன்புடன்,
மூர்த்தி