கடைசிப் பத்து கிலோமீட்டர்: லாரி ஓட்டப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

கனரக வாகன உரிமம் கைக்கு வந்துவிட்டது என்று நீ எழுதியிருந்ததைப் படித்து மகிழ்ந்தேன். அதற்கடுத்த வரிதான் என்னை இந்தக் கடிதம் எழுத உட்கார வைத்தது. "நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓட்டச் சொன்னாலும் ஓட்டுவேன் அண்ணா. நகர நெரிசலுக்குள் நுழைந்தால் மட்டும் உள்ளங்கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்குகிறது. நான் இந்த வேலைக்கு லாயக்கில்லையோ?" என்று கேட்டிருக்கிறாய். இதே கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு வெளியே சொல்லாமல் இருப்பவர்கள் பலர். அதனால் உன் பெயரைச் சொல்லாமல், பதிலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நீ லாயக்கானவன்தான். கை வியர்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. நீளமான டிரெய்லர் திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன தடத்தில் வராது; மூலையை ஒட்டி உள்ளே வெட்டிக்கொண்டு வரும். ஓட்டுநருக்கு மறுபக்கத்தில், கதவை ஒட்டி, ஒரு கார் முழுதாக மறைந்துவிடும் அளவுக்குக் கண்ணுக்குப் படாத இடம் உண்டு. ஏர் பிரேக்கை மிதித்த கணத்திலேயே பிடிப்பு கிடைக்காது. குழாய்களில் காற்று ஓடிச் சேரச் சற்றே தாமதமாகும். மணிக்கு 40 கிலோமீட்டரில் போனாலும் வண்டி ஒரு விநாடியில் 11 மீட்டர் கடந்துவிடும். அதற்காகத்தான் முன்னால் இடம் விடுகிறோம். நகரத்தில் அப்படி விட்ட இடத்தில் உடனே ஒருவர் வந்து புகுந்துவிடுகிறார். இதையெல்லாம் உணர்கிற உடம்புதான் வியர்க்கிறது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம், கட்டடக் கம்பி ஏற்றிய டிரெய்லரை ஒரு குறுகலான சந்திப்பில் திருப்பினேன். பின்னாலிருந்து ஹாரன் விடாமல் அலறியது. அந்தப் பதற்றத்தில், போதிய அகலம் எடுக்காமல் ஒடித்துவிட்டேன். பின்சக்கரம் நடைபாதையில் ஏறி, ஒரு விளக்குக் கம்பத்தைச் சாய்த்துவிட்டு இறங்கியது. சற்று முன்புவரை அதே இடத்தில் ஒரு பெண், தன் குழந்தையின் கையைப் பிடித்தபடி நின்றிருந்தார். நான் திருப்பும்போது அவர் எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்திருந்தார். சில விநாடிகள்தான் வித்தியாசம். அன்றிரவு நான் தூங்கவில்லை. நெரிசல் ஒத்துவராது என்று அறிந்து அதற்கேற்ற வேலையைத் தேடுவது கோழைத்தனம் என்று உன்னிடம் யாராவது சொன்னால், அதைக் காதில் வாங்காதே.

ஆனால் தேடும்போது நான் செய்த தவற்றை நீ செய்யாதே. நெடுந்தூர வேலை என்றால் நகரம் இல்லை என்று நினைத்து, அடுத்த மாதமே அதில் சேர்ந்தேன். எண்ணூறு கிலோமீட்டர் நல்ல சாலை. கடைசிப் பத்து கிலோமீட்டர், ஒரு பெருநகரத்தின் நடுவிலிருந்த மொத்தச் சந்தைக்குப் போனது. பகலில் கனரக வாகனங்களுக்கு அனுமதி இல்லாததால் நகர எல்லையில் வண்டியை நிறுத்தி இரவுக்காகக் காத்திருப்பேன். பிறகு, நாள் முழுதும் ஓட்டிய களைப்போடு, இருட்டில், இரண்டு பக்கமும் வண்டிகள் நிற்கும் தெருவில் ரிவர்ஸ் எடுப்பேன். உள்ளூர் லாரி ஓட்டியபோது பட்டதைவிட அங்கே பட்டதுதான் அதிகம்.

அதனால் தூரத்தைக் கேட்காதே. லோடு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, எந்த நேரத்தில் இறங்குகிறது என்று கேள். வேலையின் குணத்தை இந்த இரண்டு முனைகள்தான் தீர்மானிக்கின்றன.

உனக்கு வந்திருக்கும் இரண்டு வேலைகளையும் இப்படிப் பார்ப்போம். ஒன்று கான்கிரீட் கலவை லாரி. தினமும் வீடு திரும்பலாம் என்பதால் உன் அம்மாவுக்கு அதில்தான் விருப்பம் என்கிறாய். எனக்கு அது வேண்டாம் என்றே படுகிறது. கலந்த கான்கிரீட்டை ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கியாக வேண்டும். தாமதித்தால் இறுகத் தொடங்கிவிடும். கட்டடம் எழுவதோ பெரும்பாலும் நகரத்துக்குள். பின்னால் சுழலும் பாரத்தால் வண்டியின் எடை மேலே நிற்கும், திருப்பத்தில் சாயப் பார்க்கும். நெரிசலும் கடிகாரமும் சேர்ந்து நெருக்கும் வேலை அது. இரண்டாவது, துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஏற்றிப்போகும் வேலை. நடுவழி உனக்குப் பிடிக்கும். முனையில் மணிக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். துறைமுகம் பழைய நகரத்தின் வயிற்றுக்குள் இருக்கிறதா, தனிச் சாலை உள்ளதா என்று தெரியாமல் ஒப்புக்கொள்ளாதே.

உனக்குப் பொருத்தமான மூன்றாவது ஒன்று இருக்கிறது. பார்சல், சரக்கு நிறுவனங்கள் தங்கள் பெரிய கிடங்குகளைச் சுற்றுச்சாலைக்கு வெளியே வைத்துக்கொள்வது வழக்கம். ஒரு கிடங்கிலிருந்து இன்னொரு கிடங்குக்கு மட்டும் ஓடும் வண்டிகள் உண்டு. வீட்டு வாசலுக்குக் கொண்டுபோவது சிறிய வண்டிகளின் பொறுப்பு. சில இடங்களில் இரண்டு ஓட்டுநர்கள் எதிரெதிராகப் புறப்பட்டு, நடுவழியில் டிரெய்லர்களை மாற்றிக்கொண்டு அவரவர் ஊருக்குத் திரும்புகிறார்கள். நெடுஞ்சாலையும் கிடைக்கும், வீட்டுப் படுக்கையும் கிடைக்கும். இதைத்தான் முதலில் தேடு.

குவாரி, சுரங்கம், மரம், தானியம் ஏற்றும் வேலைகளிலும் நகரம் குறைவு. அங்கே சேறும் சரிவும்தான் சோதனை. பால் டேங்கரும் நல்ல வேலைதான், ஆனால் சற்றுப் பழகிய பிறகு போ. உள்ளே கழுவிச் சுத்தம் செய்ய வேண்டியிருப்பதால் அந்தத் தொட்டிகளில் பெரும்பாலும் குறுக்குத் தடுப்புகள் இருக்காது. அரைகுறையாக நிரம்பியிருந்தால், பிரேக் பிடித்து நின்ற பிறகும் பால் முன்னால் வந்து மோதி வண்டியைத் தள்ளும்.

சம்பளம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதையும் கேள். கிலோமீட்டருக்கு என்றால், நெரிசலில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் உன் பணம்தான் போகும். அந்த நினைப்பே ஆளை அவசரப்படுத்தும். மணிக்கணக்கில் தருபவரும், காத்திருக்கும் நேரத்துக்குத் தனியாகத் தருபவரும் சற்றுக் குறைவாகக் கொடுத்தாலும் அங்கேயே போ. என்னைக் கேட்டால், நிதானமாக ஓட்ட விடும் சம்பளம்தான் நல்ல சம்பளம்.

இதற்கு ஒரு விலையும் உண்டு, அதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. நகரத்தைத் தவிர்க்கும் வேலைகளில் பெரும்பகுதி இரவில் நடக்கிறது. நெரிசலில் பயம் நம்மை விழிக்க வைக்கிறது. வெறிச்சோடிய சாலையில் எதுவும் விழிக்க வைப்பதில்லை. அதிகாலை 2 மணி முதல் 5 மணி வரை உடம்பு தானாகவே தூக்கத்தை நோக்கிச் சரியும், எவ்வளவு பழகியவருக்கும். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் தடுமாற்றத்துக்கு இணையானது என்று 1997இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு சொன்னது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு கட்டாயம். அமெரிக்காவில் 8 மணி நேரம் ஓட்டியபின் 30 நிமிட ஓய்வு. உன் முதலாளி எதைச் சொன்னாலும், நாலரை மணி நேரத்தை உன் சொந்தக் கணக்காக வைத்துக்கொள். கண் சொக்கினால் ஜன்னலைத் திறப்பதும் பாட்டைச் சத்தமாக வைப்பதும் மருந்தாகாது. பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி இருபது நிமிடம் தூங்கு.

நகரத்தை அடியோடு தவிர்க்கவும் முடியாது. சாலை மூடப்பட்டு மாற்றுப்பாதையில் திருப்பி விடப்படும் நாள் ஒன்று வரும். ஆகவே ஞாயிறு விடியற்காலையில், வெற்று டிரெய்லரோடு, அனுபவமுள்ள ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு நகரத்துக்குள் ஓட்டிப் பழகு. ஹாரன் சத்தம் கேட்டால் வேகத்தைக் கூட்டாதே. பின்னால் இருப்பவர் காத்திருக்கட்டும்.

எந்த வேலையாக இருந்தாலும், ஒப்புக்கொள்ளும் முன் அந்த நிறுவனத்தில் ஏற்கெனவே ஓட்டுபவரோடு ஒரு டிரிப் பக்கத்து இருக்கையில் போய் வா. அனுமதிக்க மறுத்தால், கடந்த மாதத்து டிரிப் சீட்டுகளைக் காட்டச் சொல். அதையும் மறுத்தால் எழுந்து வந்துவிடு. சீட்டு கிடைத்தால் எனக்கு அனுப்பு. வரைபடத்தை விரித்து, இறக்கும் இடங்களை ஒவ்வொன்றாகக் குறித்து, இரண்டு பேருமாகப் பார்ப்போம். அதுவரை அந்தக் கான்கிரீட் நிறுவனத்துக்குப் பதில் சொல்லாதே.

அன்புடன்,
அண்ணன்