இரவு 2 மணிக்கு எடை பார்த்த சிஸ்டருக்கு

பாப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து மூன்று நாள் ஆகிறது. பக்கத்தில் தூங்குகிறாள். இப்போதுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது. நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும், மறுபடி அதற்குள் போகவில்லை.

முதல் நன்றி, குழந்தைகள் வார்டில் அன்று நைட் டூட்டி பார்த்த சிஸ்டருக்கு.

சிஸ்டர், அமிக்காசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தைச் சிரிஞ்சில் எடுத்துக்கொண்டு கட்டிலருகே வந்தீர்கள். பாப்பாவின் கையைப் பிடித்ததும் அப்படியே நின்றீர்கள். "அப்பா, பாப்பா 15 கிலோவா? வெயிட் பார்த்தாங்களா?" கேஸ் ஷீட்டில் இருந்த அந்த 15, அட்மிஷன் பதற்றத்தில் நான் குத்துமதிப்பாகச் சொன்னது. தயங்கித் தயங்கித்தான் ஒப்புக்கொண்டேன். நீங்கள் கோபப்படவே இல்லை. சிரிஞ்சைத் தட்டில் வைத்துவிட்டு, பக்கத்து வார்டிலிருந்து எடை மெஷினை நீங்களே தூக்கி வந்தீர்கள். பாப்பா அதில் நிற்க மாட்டேன் என்று அழுதாள். அவளைத் தூக்கிக்கொண்டு என்னை ஏறச் சொன்னீர்கள்: 78. அவளை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஏறினேன்: 67.

11 கிலோ. கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கில், சிரிஞ்சில் இருந்தது 225. பாப்பாவுக்குப் போக வேண்டியது 165. அளவு மிஞ்சினால் சிறுநீரகத்தையும் காதையும் பாதிக்கக்கூடிய மருந்து என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். டூட்டி டாக்டரை எழுப்பித் திருத்தி எழுதச் சொல்லி, இன்னொரு சிஸ்டரை அளவை வாய்விட்டுப் படிக்கவைத்து, அதன் பிறகே போட்டீர்கள். 20 நிமிடம் ஆகியிருக்கும். ஒரு கட்டில்கூடக் காலியில்லாத வார்டில் அந்த 20 நிமிடத்தை எங்கள் பாப்பாவுக்குக் கொடுத்தீர்கள். பெயரைக் கேட்டேன், சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டீர்கள்.

முகம் சுளிக்காமல் எழுந்து வந்த டாக்டர், பாராசிட்டமால் சொட்டு மருந்தும் சிரப்பும் ஒரே அளவில் கொடுப்பதல்ல என்று இரண்டு பாட்டிலையும் கையில் வைத்துக் காட்டிய மருந்தக அண்ணன், தன் பேரனுக்குக் கொண்டுவந்த கஞ்சியில் பாப்பாவுக்கும் ஊற்றிய பக்கத்துக் கட்டில் பாட்டி, காசு வாங்காமல் போன ஆட்டோக்காரர், ராத்திரி பகல் பாராமல் போன் செய்த சொந்தங்கள், எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

இனி பாப்பாவின் எடையை யார் கேட்டாலும் ஊகித்துச் சொல்ல மாட்டேன். தெரியாவிட்டால், "தெரியாது, பார்த்துடுங்க" என்றுதான் சொல்வேன். அவள் தடுப்பூசி அட்டையோடு ஒரு சின்ன நோட்டை வைத்திருக்கிறோம். எடை, தேதி, கொடுத்த மருந்து, எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு என்று எழுத. நேற்று முதல் வரியை எழுதினோம்: 11 கிலோ 200 கிராம்.