முதல் ஊசியிலேயே முடிந்திருக்க வேண்டியது: மருத்துவமனை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கண்காணிப்பாளர் அவர்களுக்கும், நெஞ்சக நோய், ரேடியாலஜி, பெதாலஜி துறைத் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

என் அப்பாவின் வலது நுரையீரலில் இருந்த கட்டிக்கு உங்கள் மருத்துவமனையில் இரண்டு முறை ஊசி பயாப்ஸி, அதாவது ஊசியால் திசு எடுத்துப் பார்க்கும் பரிசோதனை, நடந்தது. முதல் முறை எடுத்தது ஏன் போதவில்லை, இரண்டாம் முறை என்ன ஆனது என்பதெல்லாம் உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. அதனால் கதையை முதலிலிருந்து சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்கவில்லை. நான் கேட்பது ஒன்றுதான். ஒருவர் நெஞ்சுக்குள் ஊசி போவதற்கு முன்பே, எடுக்கப்போகும் திசு எந்தெந்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்று நெஞ்சக நோய்த் துறை, படம் பார்த்து ஊசி போடும் ரேடியாலஜி, திசுவைப் பரிசோதிக்கும் பெதாலஜி ஆகிய மூன்று துறையும் பேசி முடிவு செய்யுங்கள்.

ஊசி பயாப்ஸி மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. நெஞ்சைத் திறந்து துண்டெடுப்பதோடு ஒப்பிட்டால் அது பெரிய வரம். மயக்க மருந்து தேவையில்லை, தோலை மரத்துப்போகச் செய்தால் போதும். சிடி படத்தில் வழியைப் பார்த்துப் பார்த்து, விலா எலும்புகளுக்கு நடுவே, ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய தடிமனுள்ள ஊசியைக் கட்டிவரை கொண்டுபோகிறார்கள். பெரும்பாலானோர் அன்றைக்கோ மறுநாளோ வீட்டுக்குப் போய்விடலாம். அப்பாவுக்கு அதைச் செய்த மருத்துவரின் கை நிதானமான கை. “மூச்சை இழுங்க, பிடிங்க, ஆடாதீங்க” என்று ஒவ்வொரு முறையும் அவர் பொறுமையாகச் சொன்னதை அப்பா இன்றைக்கும் நன்றியோடு சொல்கிறார். கோளாறு அந்த அறைக்கு வெளியே இருந்தது.

திசு வந்தது. வெளிறிய நூல் துண்டு போல நாலைந்து இழைகள். அத்தனையும் ஒரே ஃபார்மலின் குப்பிக்குள் போயின. பெயர் ஒட்டி, மூடியை இறுக்கி, குப்பியை என் கையில் கொடுத்து லேபில் சேர்க்கச் சொன்னார்கள். சேர்த்தேன். அங்கே இருந்தவர் ரசீதைப் பார்த்தார், குப்பியைப் பார்த்தார், வாங்கி வைத்துக்கொண்டார். கிருமியைக் கொல்லாத உப்பு நீரான சலைனில் ஒரு துண்டு இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. அப்படி ஒன்று இருக்க வேண்டும் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

அறிக்கை வந்தது. கிரானுலோமா (நோய் எதிர்ப்புச் செல்கள் திரண்ட சிறு முடிச்சு) வகை அழற்சி. புற்றுநோய்ச் செல்கள் காணப்படவில்லை. டிபி கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) முடிவுடன் ஒப்பிட்டுப் பார்க்கவும்.

எந்தக் கல்ச்சருடன்? ஃபார்மலின் திசுவைக் கெடாமல் காப்பாற்றும், கிருமியைக் கொன்றுவிடும். செத்த கிருமி கல்ச்சரில் வளராது. இது உங்கள் மூன்று துறையிலும் முதலாண்டு பட்டமேற்படிப்பு மாணவருக்குக்கூடத் தெரிந்த விஷயம். கிரானுலோமா என்றால் டிபியாக இருக்கலாம், பூஞ்சையாக இருக்கலாம், சார்காய்டோசிஸ் என்ற அழற்சி நோயாக இருக்கலாம், சில வேளை புற்றுநோய்க்குப் பக்கத்திலேயேகூட அது தென்படலாம். ஆக, அறிக்கை கேட்ட கேள்வி நியாயமானது. பதில் சொல்லத்தான் ஃபார்மலின் படாத திசு மிச்சமில்லை. “இன்னொரு முறை ஊசி போட்டுப் பார்த்துடலாம்” என்றார்கள், ஏதோ ரத்த அழுத்தத்தை மறுபடி பார்க்கச் சொல்வது மாதிரி.

எனக்கு இன்னும் ஆறாதது இதுதான். முதல் நாள் பயன்படுத்தியது ஊசிக்குள் ஊசி வைத்த முறை. வெளி ஊசி கட்டிக்குள் நின்றுகொண்டிருக்கும். உள்ளே வெட்டும் ஊசி மட்டும் போய்ப் போய் வரும். நுரையீரல் உறையில் விழுவது ஒரே ஓட்டை. அந்த ஓட்டை அன்றைக்கே இருந்தது. வெளி ஊசி உள்ளேயே நின்றபோது இன்னும் ஓர் இழை எடுத்துச் சலைனில் போட்டிருந்தால் வேலை முடிந்தது. அதைச் செய்யாததால், வாரக்கணக்கில் காத்திருந்து, அதே உறையில் புதிதாக இன்னோர் ஓட்டை போட வேண்டி வந்தது.

அந்த இரண்டாவது ஓட்டையில்தான் காற்று கசிந்து நுரையீரல் சுருங்கியது. அப்பாவுக்கு நெஞ்சில் குழாய் போட்டார்கள். கட்டிலுக்குக் கீழே அந்தத் தண்ணீர்ப் புட்டியில் அவர் இருமும்போதெல்லாம் குமிழி வந்தது. குமிழி நின்றால்தான் குழாயை எடுப்போம் என்று சொல்லியிருந்ததால், மனிதர் இருமலை அடக்கிக்கொண்டு படுத்துக் கிடந்தார். இருமினால்தான் நுரையீரல் விரியும் என்று செவிலியர் வந்து கடிந்துகொள்ளும்வரை.

காற்று கசிவது தெரிந்த சிக்கல்தான், மறுக்கவில்லை. இந்த ஊசிக்குப் பிறகு 100 பேரில் 15 முதல் 25 பேருக்குக் கசியலாம். அவர்களில் சிலருக்கே குழாய் தேவைப்படும். ஒப்புதல் படிவத்தில் அதெல்லாம் இருந்தது, படித்துத்தான் கையெழுத்துப் போட்டோம். ஆனால் மாதிரியைப் பிரித்து வைக்க மறந்தால் இதே ஆபத்தை இரண்டாம் முறையும் ஏற்க வேண்டியிருக்கும் என்ற வரி எந்தப் பக்கத்திலும் இல்லை. அடுத்த முறை அச்சடிக்கும்போது சேர்த்துவிடுங்கள், படிப்பவர்களுக்கு உதவும்.

இடையில் ஒரு யோசனையும் வந்தது: டிபி மாத்திரையை ஆரம்பிப்போம், இரண்டு மாதம் கழித்துக் கட்டி சுருங்குகிறதா பார்ப்போம். சுருங்காவிட்டால்? அது புற்றுநோயாக இருந்திருந்தால் அந்த இரண்டு மாதத்தை யார் திருப்பிக் கொடுப்பார்கள்? நல்லவேளையாக, குழாய் போடவைத்த அந்த இரண்டாம் மாதிரி சலைனிலும் போனது. கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பெர்ட் பரிசோதனை சில மணி நேரத்தில் டிபி என்று சொல்லிவிட்டது. ரிஃபாம்பிசின் என்ற முக்கிய டிபி மருந்துக்கு அந்தக் கிருமி கட்டுப்படும் என்பதும் கூடவே தெரிந்தது. முதல் நாளே தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

1883-ல் ஜெர்மன் மருத்துவர் லெய்டன் நிமோனியா நோயாளியின் நுரையீரலுக்குள் ஊசி செலுத்தியதே கிருமியைத் தேடித்தான். அவரிடம் சிடி இல்லை, ஜீன்எக்ஸ்பெர்ட் இல்லை. இத்தனை கருவிகளையும் வைத்துக்கொண்டு நாம் மறந்தது அந்தக் கிருமியை. ரேடியாலஜிக்கும் பெதாலஜிக்கும் நடுவே ஒரு நடைபாதைதான் இருக்கிறது. அந்தத் தூரத்தைத் தினமும் நோயாளிகளின் வீட்டார்தான் குப்பியும் காகிதமுமாக நடந்து கடக்கிறோம். தொலைபேசி என்ற கருவி இரண்டு பக்கமும் இருப்பதைக் கண்ணால் பார்த்தேன். முகப்புக் கூடத்துக்குப் புதுக் கண்ணாடி போட்ட அக்கறையில் கொஞ்சம் அந்த நடைபாதைக்கும் ஒதுக்கியிருக்கலாம்.

சரி, கோபத்தில் எங்கேயோ போகிறேன். மன்னியுங்கள்.

பணிவாகவே கேட்கிறேன். ஊசி போடும் முன் மூன்று துறையும் பேசுங்கள். டிபியோ பூஞ்சையோ இருக்கக்கூடும் என்று தோன்றினால் ஃபார்மலின் படாத ஒரு துண்டு தனியாகப் போகட்டும். லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்ச் சந்தேகம் இருந்தால், செல்களின் வகையைப் பிரித்தறியும் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு உயிருள்ள செல்கள் வேண்டும். மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுத்தால் பெரும்பாலும் போதாது, இழையாகத் திசுவை வெட்டி எடுக்கும் கோர் ஊசிதான் வேண்டும். நுரையீரல் புற்றுநோய் என்றால் பெயர் வைப்பதோடு வேலை முடிவதில்லை. இஜிஎஃப்ஆர், ஏஎல்கே, பிடிஎல்1 என்று மருந்தைத் தீர்மானிக்கும் பரிசோதனைகளுக்கும் திசு மிஞ்ச வேண்டும். கட்டியைவிட நெஞ்சின் நடுவே உள்ள நிணநீர்க் கணுவை எட்டுவது சுலபம் என்றால், மூச்சுக்குழாய் வழியாக அல்ட்ராசவுண்ட் பார்த்து ஊசி போடலாமா என்பதும் அந்தப் பேச்சிலேயே முடிவாகட்டும்.

இன்னொன்று. ஊசி உள்ளே இருக்கும்போதே ஓர் இழையைக் கண்ணாடித் தகட்டில் தொட்டு எடுத்து, சாயம் போட்டு, அங்கேயே நுண்ணோக்கியில் பார்க்க ஆள் வையுங்கள். பெதாலஜி மருத்துவரால் ஒவ்வொரு முறையும் வர முடியாவிட்டால், பயிற்சி பெற்ற டெக்னீஷியன் வந்தாலும் போதும். செல்கள் இருக்கின்றனவா, வெறும் ரத்தமும் செத்த திசுவுமா, கிரானுலோமா தெரிகிறதா என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். எந்தக் குப்பியில் எவ்வளவு போட வேண்டும் என்பதையும் அதை வைத்தே முடிவு செய்யலாம்.

இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம், புது எந்திரமும் வேண்டாம். சிடி அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டினால்கூடத் தொடங்கிவிடலாம்: என்ன சந்தேகம், எத்தனை குப்பி, எதில் என்ன, யாரிடம் பேசியாகிவிட்டது. தாள் நிரம்பாமல் ஊசி வேண்டாம்.

கடைசியாக ஒரு சொந்த வேண்டுகோள். அப்பாவின் முதல் மாதிரியின் பாரஃபின் பிளாக்கும் (திசுவை மெழுகில் பதித்து வைத்த கட்டி) ஸ்லைடுகளும் எங்களுக்கு வேண்டும். வேறொரு பெதாலஜி மருத்துவரிடம் காட்டி வைத்துக்கொள்ள விரும்புகிறோம். இதற்காக உங்கள் அலுவலகத்தில் கொடுத்த கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. தயவுசெய்து அதையும் பார்த்து, எந்தக் கவுண்டருக்கு எப்போது வர வேண்டும் என்று தெரிவியுங்கள். குப்பியைக் கொண்டுவந்த மாதிரியே, வாங்கிக்கொண்டு போகவும் நானே வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நோயாளி ஒருவரின் மகள்