திருகோணமலைக் கணினிக் கடைக்காரர்களுக்கு: வைரஸ் கார்ட் விற்பதற்கு முன் விண்டோஸைச் சுத்தமாகக் கொடுங்கள்

திருகோணமலை நகரிலும் மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் பக்கங்களிலும் கணினி விற்கும், திருத்தும் கடை உரிமையாளர்களுக்கும் அங்கே வேலை செய்யும் தம்பி தங்கச்சிமாருக்கும்,

வணக்கம்.

"எந்த வைரஸ் கார்ட் நல்லது?" என்று, வைரஸைத் தடுக்கும் மென்பொருளைப் பற்றி வீட்டுக்காரர் உங்களிடம்தான் கேட்கிறார். நீங்கள் கைகாட்டுவதைத்தான் வாங்குகிறார். ஆனால் அந்தக் கேள்வி வருவதற்கு முன்பே, நீங்கள் விண்டோஸ் ஏற்றும் நேரத்திலேயே, அந்தக் கணினியின் பாதுகாப்பு பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

பல கணினிகள் கிராக் செய்த, அதாவது லைசன்ஸ் வாங்காமல் திருட்டுத்தனமாக ஓட வைத்த விண்டோஸுடன் வாடிக்கையாளர் கைக்குப் போகின்றன. அப்படிக் கிராக் செய்யும் நிரலான அக்டிவேட்டர் ஓட வேண்டுமென்றால், விண்டோஸோடு இலவசமாக வரும் வைரஸ் கார்டான டிஃபெண்டரை முதலில் நிறுத்த வேண்டும், ஏனென்றால் அது அக்டிவேட்டரை "ஹேக்டூல்" என்று பிடித்து அழித்துவிடும். பிறகும் அழிக்காமலிருக்க, எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலில் ஒரு கோப்புறையைச் சேர்ப்பார்கள். சில வேளை சி டிரைவ் முழுவதையுமே சேர்த்துவிடுவார்கள். அந்தப் பட்டியலில் உள்ள இடத்தை டிஃபெண்டர் திரும்பிப் பார்க்காது. அப்படி ஒரு கணினியைப் பச்சை நிற அடையாளத்தோடு கையளிக்கிறோம். உள்ளே வந்து உட்காரும் எதுவும் பிடிபடாது.

அக்டிவேட்டரே நஞ்சாக இருப்பதும் உண்டு. கேஎம்எஸ்பிகோ என்ற அக்டிவேட்டரின் பெயரில் உலாவிய போலி நிறுவியோடு கிரிப்ட்பொட் என்ற திருட்டு நிரல் வந்ததை 2021இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் அம்பலப்படுத்தினார்கள். பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களை அள்ளிப் போவதே அதன் வேலை. ஸ்டொப் என்றும் டிஜேவியூ என்றும் அழைக்கப்படும் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல்) கூட, வீட்டுக் கணினிகளுக்குள் பெரும்பாலும் கிராக் மென்பொருள் வழியாகத்தான் நுழைகிறது. கணினி இணையத்தில் இருக்கும்போது அது தன் சேவரிலிருந்து ஒரு சாவி எடுத்துக் கோப்புகளைப் பூட்டிவிட்டால், 2019 ஓகஸ்டுக்குப் பிந்திய வகைகளில் அவற்றைத் திறக்க இலவச வழி கிடையாது. கலியாணப் படங்களும் பிள்ளையின் உயர்தரக் குறிப்புகளும் அத்தோடு சரி.

இதற்கு மாற்று, நீங்கள் நினைப்பதைவிட இலகு. கொழும்பிலிருந்து வரும் பாவித்த பிராண்ட் கணினிகளில், முக்கியமாக விண்டோஸ் 10 வந்த 2015க்குப் பிறகு தயாரானவற்றில், விண்டோஸ் சாவி மதர்போர்டிலேயே பதிந்திருப்பது சாதாரணம். அந்தச் சாவி ஹோமுக்கா புரோவுக்கா என்று பார்த்து, அதே பதிப்பை ஏற்றி இணையத்தோடு இணைத்தால் தானாகவே அக்டிவேட் ஆகும். ஹோம் சாவி உள்ள இயந்திரத்தில் வழக்கத்துக்குப் புரோவை ஏற்றுவதால்தான் "அக்டிவேட் ஆகவில்லை" என்று வருகிறது, உடனே கிராக் தேடுகிறோம். சாவியே இல்லாத இயந்திரம் என்றாலும் அக்டிவேட் செய்யாமல் விடுவது கிராக்கைவிட ஆயிரம் மடங்கு மேல். திரையின் மூலையில் ஒரு வாசகம் நிற்கும், செட்டிங்ஸில் வோல்பேப்பர் மாற்ற முடியாது. பாதுகாப்பு அப்டேட்களும் டிஃபெண்டரும் குறையின்றி ஓடும். இதை வாடிக்கையாளருக்கு விளக்கி, லைசன்ஸின் விலையையும் சொல்லுங்கள். முடிவை அவர் எடுக்கட்டும்.

இனி வைரஸ் கார்டுக்கு வருவோம். சுத்தமான விண்டோஸ், ஒழுங்கான இணையம், அளவான பாவனை உள்ள வீட்டுக்கு டிஃபெண்டர் போதும் என்பது எங்கள் உறுதியான கருத்து. ஜேர்மனியின் ஏவி-டெஸ்ட், ஒஸ்திரியாவின் ஏவி-கம்பரட்டிவ்ஸ் ஆகிய சோதனைக்கூடங்களின் அறிக்கைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஏவி-டெஸ்ட் பாதுகாப்புக்கு 6, வேகத்துக்கு 6, பாவனைக்கு 6 என மொத்தம் 18 புள்ளி போடும். விற்பனைப் பிரதிநிதி தரும் தாளை வைத்துப் பேசாமல் இவற்றைப் பார்த்துப் பேசுங்கள்.

டிஃபெண்டருக்குப் பலவீனமும் இருக்கிறது. அது கிளவுட்டை, அதாவது இணையத்தில் உள்ள மைக்ரோசொப்டின் சேவர்களை நம்பி வேலை செய்வது, இணையம் அறுந்தால் அதன் பிடி தளர்கிறது. வெருகல், குச்சவெளி போன்ற இடங்களில் கணினியைப் பெரும்பாலும் இணையமின்றி வைத்திருந்து, பென் டிரைவில் மட்டும் கோப்பு மாற்றும் குடும்பங்கள் இருந்தால், காசு கொடுத்து நல்ல வைரஸ் கார்ட் வாங்கச் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் வாங்குமுன், அந்தப் பொருளுக்கு இணையமில்லாத நிலையில் கிடைத்த புள்ளியை ஏவி-கம்பரட்டிவ்ஸ் அறிக்கையில் தனியாகப் பாருங்கள். சிம் வழியாகவே இணையம் எடுக்கும் மடிக்கணினியில் இன்னொரு சிக்கல்: விண்டோஸ் அந்த இணைப்பை மீட்டர்ட் (டேட்டாவை அளந்து பாவிக்க வேண்டிய இணைப்பு) என்று கருதும், அப்போது டிஃபெண்டர் வைரஸ் பட்டியலைத் தானாக இறக்காமல் விடலாம். டேட்டா மிச்சம் பிடிக்க வைஃபையையும் மீட்டர்ட் ஆக்கியவர்களுக்கும் இதே கதை. கிழமைக்கு ஒருமுறையாவது "செக் ஃபோர் அப்டேட்ஸ்" பொத்தானைக் கையால் அழுத்தச் சொல்லிக் கொடுங்கள்.

ஒரு கணினிக்கு ஒரு வைரஸ் கார்ட்தான். இரண்டு ஒரே நேரத்தில் ஒவ்வொரு கோப்பையும் திறந்து பார்க்கப் போட்டி போட்டால், 4 ஜிபி ரேமும் பழைய ஹாட் டிஸ்க்கும் உள்ள இயந்திரம் நகரவே நகராது. பழையதைக் கன்ட்ரோல் பேனலில் நீக்கினாலும் எச்சம் நிற்கும், அதனால் டிஃபெண்டர் திரும்ப எழும்பாமல் போகும். அந்தந்த நிறுவனம் தரும் நீக்கும் கருவியை ஓட்டி, மறுதொடக்கம் செய்த பிறகே புதியதைப் போடுங்கள். மல்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பு மட்டும் விதிவிலக்கு. சோதனைக்காலம் முடிந்ததும் அது கேட்டால் மட்டுமே ஸ்கேன் செய்யும், டிஃபெண்டரோடு மோதாது.

"இலவசம்" என்று போட்டுவிடுவதிலும் கவனம் வேண்டும். அவாஸ்ட் தன் பாவனையாளர்களின் இணைய நடமாட்டத் தகவல்களை விற்றதற்காக, அது 1 கோடியே 65 இலட்சம் டொலர் கட்ட வேண்டுமென்று அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி 2024 பெப்ரவரியில் அறிவித்தது. அவாஸ்ட், ஏவிஜி, அவிரா, நோர்டன் நான்கும் இன்று ஒரே நிறுவனத்தின் கீழ் இருக்கின்றன. ஒன்றைக் கழற்றி மற்றதைப் போடுவதால் கை மாறிவிடவில்லை. காசுக்கு விற்கும்போது, சாவி இலங்கையில் செல்லுமா என்று பாருங்கள். அதை வாடிக்கையாளரின் சொந்த மின்னஞ்சலில் பதிந்து கொடுங்கள். உங்கள் கடை மின்னஞ்சலில் பதிந்தால் அடுத்த ஆண்டு அவருக்கு ஒன்றுமே தெரியாது.

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. டிஃபெண்டரின் வைரஸ் பட்டியல் 2028 ஒக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசொப்ட் சொல்லியிருக்கிறது. அதை வைத்து "பயமில்லை" என்று விற்காதீர்கள். பட்டியல் வேறு, விண்டோஸின் ஓட்டைகளை அடைக்கும் அப்டேட் வேறு. 2017 மே மாதம் வொன்னாக்ரை என்ற ரான்சம்வேர் உலகெங்கும் பரவியபோது, அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தம் மார்ச் மாதமே வெளியாகியிருந்தது. போடாதவர்கள்தான் அடிபட்டார்கள். இன்டெல் 8ஆம் தலைமுறைக்கு முந்திய கணினிகளில் மிகச் சிலவற்றைத் தவிர மற்றவற்றுக்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடையாது, ஆகவே அவற்றை விற்கும்போது இதைச் சொல்லாமல் விடுவது பிழை. இணையம், யூடியூப், ஒரு கடிதம் அடிப்பது மட்டும் போதும் என்பவருக்கு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றிக் கொடுக்கலாம்.

பென் டிரைவ் விடயத்தில் உங்கள் உதவி அதிகம் தேவை. பாடசாலைப் பக்கத்துக் கொமியூனிகேஷனில் பிரின்ட் எடுத்துத் திரும்பும் டிரைவில் வைரஸ் ஏறி, கோப்புகள் மறைந்து, ஷோர்ட்கட் மட்டும் தெரியும். உடனே போர்மட் அடிக்காதீர்கள், பிள்ளையின் வேலை அப்படியே உள்ளேதான் இருக்கிறது. ஷோர்ட்கட்டைத் திறக்காமல், டிரைவின்மீது வலது கிளிக் செய்து ஸ்கேன் கொடுங்கள். டிஃபெண்டரின் முழு ஸ்கேன் வெளி டிரைவ்களைத் தானாகத் தொடாது என்பதால் இதைத் தனியாகச் செய்ய வேண்டும். பின்பு ஃபோல்டர் ஒப்ஷன்ஸில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லி, "ஹைட் புரொடெக்டட் ஒப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்" என்பதில் உள்ள சரியடையாளத்தை எடுத்துவிட்டால் எல்லாம் தெரியும். அங்கேயே கோப்பு நீட்சிகளையும் காட்டச் செய்யுங்கள். பாமினி என்ற தமிழ் எழுத்துரு வேண்டுமென்று தேடி, எழுத்துருவான .டிடிஎஃப் கோப்புக்குப் பதிலாக, நிரலாக ஓடும் .எக்ஸ்இ கோப்பை இறக்கி ஓட்டுபவர்கள் அப்போதாவது கவனிப்பார்கள். யூனிகோட்டில் தமிழ் அடிக்க எதையும் இறக்கவே வேண்டாம், 2019இலிருந்து விண்டோஸ் 10இலேயே ஒலிப்பு முறைத் தமிழ் விசைப்பலகை இருக்கிறது.

கையளிக்கும்போது வாடிக்கையாளரை அருகில் இருத்தி, விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து காட்டுங்கள். ரியல்-டைம், கிளவுட், டேம்பர் புரொடெக்ஷன் (பாதுகாப்பை வேறு நிரல்கள் நிறுத்தாமல் தடுப்பது) மூன்றும் ஓனில் இருக்க வேண்டும், எக்ஸ்க்ளூஷன்ஸ் வெறுமையாக இருக்க வேண்டும். வைரஸ் கார்ட் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கென்றே உள்ள, 68 எழுத்துள்ள ஐகார் சோதனைக் கோப்பை நோட்பேடில் சேமித்துப் பாருங்கள். அது தீங்கற்றது, ஆனாலும் டிஃபெண்டர் உடனே சத்தம் போட வேண்டும். போடாவிட்டால் அந்தக் கணினி கடையைவிட்டு வெளியே போகக் கூடாது. பில்லில் விண்டோஸ் பதிப்பு, அக்டிவேட் ஆன விதம், வைரஸ் கார்டின் பெயர், அது முடியும் திகதி ஆகியவற்றை எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
திருகோணமலையில் கணினிப் பாதுகாப்பு வேலை செய்வோர்