சராசரியைக் கடைசியில் எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஈய அணுக்கருக்களின் மோதலைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதை ஒரு வெடிப்பாகவே காட்டுகிறார்கள். தங்கள் அறிவியல் பக்கமும் விலக்கல்ல. துணிக்கைகள் தனித்தனியே சிதறியிருந்தால் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் போயிருக்கும். அப்படிப் போகவில்லை என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அங்கே உண்டாவது திரவம். பொன் கருக்களை மோதவிட்ட அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுகூடம் 2005இல் இதை அறிவித்தது. 2010 முதல் ஐரோப்பாவின் சேர்ன் ஆய்வு நிலையத்தில் ஈயக் கருக்களிலும் அதே ஓட்டம் தெரிகிறது.

இரு கருக்கள் சற்று விலகி மோதினால், ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதி பாதாம் பருப்பு வடிவில் இருக்கும். நடுவில் அமுக்கம் மிக அதிகம், விளிம்புக்கு வெளியே இல்லை. தோட்ட லயத்திலிருந்து கடைவீதிக்கு இறங்கும் ரோட்டையும் குறுக்கு வழியையும் நினைத்துப் பாருங்கள். இறங்கும் உயரம் ஒன்றுதான். தூரம் குறைந்த வழி செங்குத்து. பாதாமின் அகலம் குறைந்த திசையில் அமுக்கம் அப்படித்தான் விழுகிறது, திரவமும் அந்தப் பக்கமே வேகமாகப் பாய்கிறது. வெளிவரும் துணிக்கைகளைச் சோடி சோடியாக எடுத்து இடைக்கோணத்தை எண்ணினால் 0 பாகையிலும் 180 பாகையிலும் மேடு தெரியும்.

இந்தத் திரவ ஓட்டத்தின் பாயிச் சமன்பாடுகளைத் தீர்க்கப் பெரிய கணினி வேண்டும். ஆனால் தொடக்க வடிவத்தை உயர்தர மாணவர் ஒருவர் பாடசாலைக் கணினியிலேயே பைத்தான் நிரல்மொழியில் கணித்துவிடலாம். கிளவுபர் முறை என்பார்கள். ஈயக் கருவில் புரோத்தன், நியூத்திரன் மொத்தம் 208. கருவின் அடர்த்தி மையத்திலிருந்து எப்படிக் குறைகிறது என்று கூறும் வூட்ஸ்-சக்சன் சூத்திரத்தில் ஆரை 6.62 பெம்டோமீற்றர் (10⁻¹⁵ மீற்றர்), விளிம்புத் தடிப்பு 0.546. இந்த அடர்த்தியை ஆரையின் வர்க்கத்தால் பெருக்கிய பிறகே எழுமாறாக இடங்களைத் தெரிவு செய்ய வேண்டும். பெருக்க மறந்தால் எல்லாம் மையத்தில் குவிந்து கரு சுருங்கிவிடும். பின்பு இரு கருக்களையும் 8 பெம்டோமீற்றர் விலக்கி வையுங்கள். 2.76 தெரா இலத்திரன் வோல்ட் சக்தியில் மோதற் குறுக்குவெட்டு, அதாவது மோதலுக்கான இலக்குப் பரப்பு, ஏறக்குறைய 64 மில்லிபார்ன். எனவே கற்றைக்குச் செங்குத்தான குறுக்குத் தளத்தில் 1.43 பெம்டோமீற்றருக்குள் வரும், கருவுக்கு ஒன்றாக எடுத்த சோடிகள் மோதியவை. மோதியவற்றின் திணிவு மையத்துக்கு ஆள்கூற்று உற்பத்தியை (0, 0 புள்ளியை) நகர்த்திவிட்டுத்தான் நீள்வளையத்தன்மையையும் முக்கோணத்தன்மையையும் கணிக்க வேண்டும். நகர்த்தாவிட்டால் இல்லாத சாய்வு ஒன்று விடையில் புகுந்துவிடும்.

ஆயிரம் மோதல்களை ஒன்றாகக் கூட்டிவிட்டு வடிவத்தைப் பார்த்தால் வழவழப்பான பாதாம் கிடைக்கும். ஒவ்வொரு மோதலிலும் இடங்கள் எழுமாறாக அமைவதால் வரும் முக்கோணச் சாயல் முழுவதும் அழிந்துபோகும். தேர்ந்த ஆய்வாளர்களே பல ஆண்டுகள் இப்படிச் செய்தார்கள். தரவில் 120 பாகையை ஒட்டி எழுந்த மேட்டுக்கு, ஒலியை மிஞ்சும் விமானத்தின் அதிர்ச்சி அலை போன்ற ஒன்றைக் காரணம் காட்டினார்கள். 2010இல் இயற்பியலாளர்கள் புராக் ஆல்வரும் குந்தர் ரோலண்டும் ஒவ்வொரு மோதலையும் தனியாகக் கணித்து, அது முக்கோண ஓட்டம் என்று காட்டினார்கள். சராசரியைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும்.

பிசுக்குமை, அதாவது திரவம் ஓடும்போது எழும் உள் உராய்வு, கூடினால் நீள்வளையத்துக்கு முன்பே முக்கோணம் மங்கும். இரண்டையும் ஒப்பிட்டே, பிசுக்குமைக்கும் எந்திரப்பி (ஒழுங்கின்மையின் அளவு) அடர்த்திக்கும் உள்ள விகிதம், இயற்கை அலகுகளில், சுமார் 0.08 முதல் 0.2 வரை என்று மதிப்பிடுகிறார்கள். எல்லாச் சோடியும் ஓட்டத்தால் வந்ததல்ல என்பதும் நினைவில் இருக்கட்டும். ஒரே துணிக்கை சிதைந்து பிறந்த சோடிகள் அருகருகே போகும். அவற்றை விலக்க, கற்றையின் திசையில் இடைவெளி விட்டே சோடி சேர்க்கிறார்கள்.

இந்தக் கணக்கைப் படத்துடன், துணிக்கை, பிசுக்குமை, எந்திரப்பி என்ற பாடப்புத்தகச் சொற்களிலேயே தங்கள் பக்கத்தில் வெளியிடுங்கள். கணிதப் பிரிவு இல்லாத தோட்டப் பாடசாலைக்கும் தங்கள் பத்திரிகை போய்ச் சேர்கிறது.

இப்படிக்கு,
உயர்தரப் பௌதிகவியல் ஆசிரியர்கள் சிலர்,
ஹட்டன்.