இருபத்து மூன்று கையெழுத்துகள்

அன்புள்ள பாப்பா,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை.

நேற்று ராத்திரி நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தையே உன் கையில் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அதைச் சொல்லும்போது உன் குரலில் சந்தோஷம் இல்லை. "ஒரு வருஷத்துக்குத்தாம்மா எழுதிக் கொடுத்திருக்காங்க, அப்புறம் பார்க்கலாம்னு சொல்றாங்க" என்றாய். உனக்கு முன்னால் 19 வருஷம் அந்த நாற்காலியில் இருந்தவரைப் பற்றியேதான் எல்லோரும் பேசுகிறார்கள், போதாததற்கு அவரே ஆலோசகராக இன்னும் ஒரு வருஷம் கூட இருக்கப்போகிறார் என்றாய். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. விடிகாலையில் காபியோடு உட்கார்ந்தபோது டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் பழைய மேனேஜர் வால்டர் ஆல்ஸ்டன் ஞாபகம் வந்தது. போனில் சொன்னால் பாதியில் நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன்.

நான் 1987-ல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்து ஆர்டீசியாவுக்கு வந்தபோது உன் அப்பா காலையில் வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். அடுப்படியில் ஒரு ரேடியோ இருந்தது. அதில் பேஸ்பால் வர்ணனையாளர் வின் ஸ்கல்லியின் குரல் வந்தது. டாட்ஜர்ஸ் அணியோடு 1950-லிருந்து இருந்தவர் அவர். புரூக்ளினில் தொடங்கி, அணி 1958-ல் லாஸ் ஏஞ்சலஸுக்கு இடம் மாறியபோது கூடவே வந்தவர். அவர் சொல்லச் சொல்லத்தான் எனக்கு இங்கிலீஷ் காதில் பழகியது, ஆட்டமும் பழகியது. முதலில் எனக்குப் பிடிபடாதது மேனேஜர்தான். நம் கிரிக்கெட்டில் கேப்டன் வெயிலில் நின்றுகொண்டே முடிவெடுப்பார். இங்கே அறுபது வயதுக்காரர் ஆட்டக்காரர்களின் உடையையே போட்டுக்கொண்டு டக்அவுட்டில், மைதான ஓரத்தில் அணி உட்காரும் இடத்தில், உட்கார்ந்திருக்கிறார். பேட்டைத் தொடுவதில்லை. பந்தை எறிவதில்லை. யார் எறிவது, யாரை நிறுத்துவது, யாரை எந்த இடத்தில் நிற்க வைப்பது என்பது மட்டும் அவர் வேலை. இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். ஒரு வருஷம் கேட்ட பிறகு, பந்தைவிட அந்த மனிதரைத்தான் அதிகம் கவனிக்க ஆரம்பித்தேன். பழைய மேனேஜர்களைப் பற்றி நூலகத்தில் தேடித் தேடிப் படித்ததும் அப்போதுதான்.

ஆல்ஸ்டனுக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவர் சக் டிரெஸ்ஸன். 1951-ல் ஆகஸ்டில் பதின்மூன்றரை ஆட்டம் முன்னால் இருந்த அணி, நியூயார்க் ஜயன்ட்ஸ் எட்டிப் பிடிக்க விட்டுவிட்டது. கடைசி ஆட்டத்தின் ஒன்பதாவது, அதாவது கடைசி, இன்னிங்ஸில் அவர் ரால்ஃப் பிராங்காவை எறிய அனுப்பினார். பாபி தாம்சன் அடித்த, நம் சிக்ஸர் போன்ற ஹோம் ரன்னில் எல்லாம் போயிற்று. ஆனாலும் அடுத்த இரண்டு வருஷமும் லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தார். 1953-ல் 105 வெற்றி. இரண்டு லீக் சாம்பியன்களும் மோதும் வேர்ல்ட் சீரிஸில் மட்டும் இரண்டு தடவையும் நியூயார்க் யாங்கீஸிடம் தோற்றார். அந்தக் குளிர்காலத்தில் அவர் பல வருஷத்துக்கான ஒப்பந்தம் கேட்டார். அவர் மனைவி அணி உரிமையாளர் வால்டர் ஓமாலிக்குக் கடிதமே எழுதினார். ஓமாலியின் வழக்கம் வருஷத்துக்கு ஒரு கையெழுத்து. டிரெஸ்ஸனை அனுப்பிவிட்டார்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அந்த மனைவியைக் குற்றவாளி போலவே சொல்வார்கள். எனக்கு அது ஆறுவதேயில்லை. அடுத்த வருஷம் எந்த ஊரில் குடியிருப்போம் என்று தெரியாத வீட்டில் ஒரு பெண் காகிதத்தை எடுத்துக் கேட்டாள். அதில் என்ன தப்பு? உன் அப்பாவின் விசா ஒவ்வொரு தடவை முடியப்போகும்போதும் நான் எப்படி இருந்தேன் என்று எனக்குத் தெரியும்.

அந்த இடத்துக்கு வந்தவர்தான் ஆல்ஸ்டன். பெரிய லீகில் ஆட்டக்காரராக அவர் மட்டை பிடித்தது ஒரே ஒரு தடவை, 1936-ல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்காக. ஸ்ட்ரைக் அவுட், பந்தை அடிக்க முடியாமலே அவுட். அதோடு சரி. குளிர்காலத்தில் ஒஹாயோவில் பள்ளிக்கூட வாத்தியார். டார்ட்டவுன் என்ற சின்ன ஊரில் வீடு. ஆனால் டாட்ஜர்ஸின் கீழ்நிலை அணிகளில் வருஷக்கணக்காக வேலை பார்த்தவர். 1946-ல் நாஷுவா அணியை நடத்தியபோது ராய் கேம்பனெல்லா, டான் நியூகோம்ப் என்ற இரண்டு கறுப்பின ஆட்டக்காரர்கள் அவரிடம் இருந்தார்கள். கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு வழி திறந்த ஜாக்கி ராபின்சன் பெரிய லீகில் காலடி வைப்பதற்கு ஒரு வருஷம் முன்பு. அம்பயர் ஒருநாள் ஆல்ஸ்டனை வெளியே அனுப்பியபோது, மிச்ச ஆட்டத்தை நடத்தும் பொறுப்பை அவர் கேம்பனெல்லாவிடம்தான் கொடுத்துவிட்டுப் போனார். இருந்தும் 1953-ல் புரூக்ளினில் பாதிப் பேருக்கு ஆல்ஸ்டன் யாரென்றே தெரியாது. முதல் வருஷம் இரண்டாம் இடம்.

இனி நான் சொல்லப்போவது 1955 அக்டோபர் 4. இதை நிதானமாகப் படி. யாங்கீ ஸ்டேடியத்தில் வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது, கடைசி ஆட்டம். அதுவரை புரூக்ளின் ஒருமுறைகூட வேர்ல்ட் சீரிஸை ஜெயித்ததில்லை. இரண்டுக்குப் பூஜ்யம் என்று முன்னால் இருக்கிறார்கள். ஆறாவது இன்னிங்ஸில் ஆல்ஸ்டன், இரண்டாம் பேஸ்காரர் (ஓடுகிறவர் தொட வேண்டிய நான்கு இடங்களில் இரண்டாவதைக் காப்பவர்) டான் ஜிம்மருக்குப் பதிலாக வேறொருவரை அடிக்க அனுப்பினார். அதனால் லெஃப்ட் ஃபீல்டில், மைதானத்தின் இடதுபுறக் கோடியில், இருந்த ஜிம் கில்லியமை இரண்டாம் பேஸுக்குக் கொண்டுவந்தார். காலியான லெஃப்ட் ஃபீல்டுக்கு பெஞ்சிலிருந்து சாண்டி அமோரோஸை அனுப்பினார். கியூபாக்காரர், இடது கையால் எறிகிறவர். அந்த இன்னிங்ஸிலேயே யாங்கீஸுக்கு இரண்டு பேர் பேஸில் நிற்க, யோகி பெரா பந்தை லெஃப்ட் ஃபீல்ட் மூலைக்கு அடித்தார். அமோரோஸ் ஓடி ஓடி, கோட்டோரத்தில் கையை நீட்டிப் பிடித்தார். கையுறை வலது கையில் இருந்ததால்தான் எட்டியது. உடனே திரும்பி எறிந்தார், ஓடிப்போன இன்னொருவரும் அவுட். ஜானி போட்ரெஸ் கடைசி வரை ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. புரூக்ளின் ஜெயித்தது.

அமோரோஸை அனுப்பியது இந்தப் பந்து வரும் என்று தெரிந்து அல்ல. பெஞ்சில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யாரை எங்கே நிறுத்தலாம் என்பது அவருக்கு மனப்பாடம். நீ சின்ன வயதில் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருக்கும் பிள்ளைகளின் பெயரையெல்லாம் என்னிடம் ஒப்பிப்பாய். அந்தப் பழக்கத்தை விடாதே பாப்பா.

அதற்குப் பிறகும் அவருக்குக் கிடைத்தது ஒரு வருஷக் கையெழுத்துதான். 1959, 1963, 1965-லும் வேர்ல்ட் சீரிஸ் ஜெயித்தார். அப்போதும் ஒரு வருஷம்தான். 1954-லிருந்து 1976 வரை 23 கையெழுத்து, 2,040 வெற்றி. சீசன் முடிந்தால் டார்ட்டவுனுக்குப் போய்த் தன் மரவேலைப் பட்டறைக்குள் நுழைந்துகொள்வார்.

இன்னொன்று. 1958-லும் 1959-லும் அவருக்குக் கோச்சாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் யார் தெரியுமா? அதே சக் டிரெஸ்ஸன். பிறகு 1961-லிருந்து நான்கு வருஷம் லியோ டுரோச்சர். அவரும் முன்னாள் டாட்ஜர்ஸ் மேனேஜர்தான். சத்தமான மனிதர், பேர் பெற்றவர். 1947-ல் ராபின்சனோடு ஆடமாட்டோம் என்று சில ஆட்டக்காரர்கள் மனு எழுதக் கிளம்பியபோது, பனாமாவில் நள்ளிரவில் எல்லோரையும் சமையலறையில் கூட்டி அதை அடக்கியவர். அதற்காக அவரை நான் என்றைக்கும் மதிப்பேன். ஆனால் 1962-ல் ஜயன்ட்ஸிடம் கடைசி இன்னிங்ஸில் பட்டம் பறிபோனபோது, தான் நடத்தியிருந்தால் ஜெயித்திருப்போம் என்று டுரோச்சர் சொன்னதாக ஊரெல்லாம் பேச்சு. ஆல்ஸ்டன் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அடுத்த வருஷம் யாங்கீஸை நாலுக்குப் பூஜ்யம் என்று தோற்கடித்தார். உன் ஆலோசகரைப் பற்றி நீ சொன்னபோது இதுதான் எனக்குத் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை.

ஆல்ஸ்டனுக்குப் பின் டாமி லசோர்டா. உனக்கு அவர் தொப்பையும் சிரிப்பும் நினைவிருக்கும். ஆல்ஸ்டன் பேசவே மாட்டார் என்றால் இவர் வாயை மூடவே மாட்டார். ஆட்டக்காரர்களைக் கட்டிப்பிடிப்பார், கூட உட்கார்ந்து சாப்பிடுவார். 23 வருஷம் இருந்தவரின் இடத்துக்கு வந்தும் அவரைப் போல இருக்க ஒரு நாளும் முயலவில்லை. அணியில் பாதிப் பேரைக் கீழ்நிலை லீகிலேயே வளர்த்தவர் என்பதால் அவர்களுக்கும் அவர் புதிதில்லை.

1988 அக்டோபர் 15 ராத்திரியை நான் மறக்க மாட்டேன். அன்றைக்கு ஸ்கல்லியின் குரல் டிவியில். வேர்ல்ட் சீரிஸில் ஓக்லண்டோடு முதல் ஆட்டம், ஒரு ரன் பின்னால், ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட். கிர்க் கிப்சனுக்கு இரண்டு காலும் சரியில்லை, உள்ளே ஐஸ் வைத்துக்கொண்டிருக்கிறார். மைக் டேவிஸ் மட்டை பிடிக்கும்போது, அடுத்து வரப்போகிறவர் போல டேவ் ஆண்டர்சனை வெளியே நிற்க வைத்தார் லசோர்டா. ஓக்லண்டுக்குப் பந்து எறிந்த எக்கர்ஸ்லி அதை நம்பி டேவிஸுக்கு ஜாக்கிரதையாக எறிந்து பேஸைக் கொடுத்துவிட்டார். அதன் பிறகுதான் கிப்சன் நொண்டிக்கொண்டே வந்தார். அவர் அடித்த பந்து கூட்டத்துக்குள் விழுந்தபோது நான் அடுப்பில் இருந்த ரசத்தை மறந்து கூடத்துக்கு ஓடிவந்து உன் அப்பாவை உலுக்கினேன். எல்லோரும் கிப்சனைப் பார்த்தார்கள். நான் பார்த்தது, டக்அவுட்டிலிருந்து கையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த லசோர்டாவை.

ஆல்ஸ்டனும் லசோர்டாவும் சேர்ந்து 43 சீசன். லசோர்டா 1996-ல் மாரடைப்புக்குப் பின் விலகினார். அவரிடமே ஷார்ட்ஸ்டாப்பாக ஆடிய பில் ரஸ்ஸல் அந்த நாற்காலியில் இரண்டு வருஷம்கூட உட்காரவில்லை. அணி கை மாறிய 1998-ல் ரஸ்ஸலையும் அனுப்பிவிட்டார்கள். அவர் கெட்டிக்காரர்தான். இதை நான் உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. அடுத்தடுத்து ஹாஃப்மன், டேவி ஜான்சன், ட்ரேசி, கிரேடி லிட்டில், டோரி, மேட்டிங்லி என்று வந்து போனார்கள்.

2016-லிருந்து டேவ் ராபர்ட்ஸ். ஒக்கினாவாவில் ஜப்பானியத் தாய்க்கும் கறுப்பின அமெரிக்கத் தந்தைக்கும் பிறந்தவர். 2019-ல் வாஷிங்டனுக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் கெர்ஷாவை எட்டாவது இன்னிங்ஸிலும் எறிய விட்டார். அடுத்தடுத்த இரண்டு பந்தில் இரண்டு ஹோம் ரன். 106 ஆட்டம் ஜெயித்த அணி வீட்டுக்குப் போனது. அன்றைக்கு நானும் டிவியைப் பார்த்து அவரைத் திட்டினேன். இன்றைக்கு நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. தன் ஆளை நம்பினார், அவ்வளவுதான். அடுத்த வருஷமே கோப்பை வாங்கினார், 2024-லும் வாங்கினார்.

பிறகு 2025, டொராண்டோ, வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது ஆட்டம். நீயும் நானும் ஆளுக்கொரு ஊரில் போனைக் காதில் வைத்துக்கொண்டு பார்த்தோமே. ஒன்பதாவது இன்னிங்ஸில் டொராண்டோவுக்கு எல்லா பேஸிலும் ஆள். அந்த இன்னிங்ஸில்தான் ராபர்ட்ஸ் ஆண்டி பாஹேஸை சென்டர் ஃபீல்டுக்கு அனுப்பியிருந்தார். அடிக்க முடியாமல் திணறி பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையன். பந்து வந்தது. தன் அணிக்காரர் கிக்கே ஹெர்னாண்டஸ் மேலேயே மோதி விழுந்து பிடித்தான். நீ போனில் கத்தினாய். என்னால் கத்த முடியவில்லை, தொண்டை அடைத்துவிட்டது. அமோரோஸுக்கும் இவனுக்கும் நடுவில் 70 வருஷம். இரண்டு பேரும் கியூபாக்காரர்கள். இரண்டு பேரையும் அந்த இன்னிங்ஸில்தான் ஒரு மேனேஜர் எழுப்பி அனுப்பினார். அன்றைக்கு உன்னிடம் இதைச் சொல்ல வாய்ப்பில்லாமல் போயிற்று.

மூன்று வருஷம் கேட்க வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் கேள். அம்மா தப்பென்று சொல்லமாட்டேன். மாப்பிள்ளையையும் கலந்துகொள். இல்லை, இந்த ஒரு வருஷத்துக்கே கையெழுத்துப் போடுகிறேன் என்றாலும் சரி.

பருப்புப் பொடியும் மாவடுவும் பார்சலில் போட்டிருக்கிறேன், பாட்டிலைச் சாய்க்காமல் எடு. ஆகஸ்டில் பள்ளி திறக்கிற முதல் நாள் சாயங்காலம் எனக்குப் போன் பண்ணு. அந்த அலுவலகத்தில் யார் யார் இருக்கிறார்கள், சாப்பாட்டுக் கூடத்தில் யார் பரிமாறுகிறார்கள், யார் பேசவே இல்லை, எல்லாம் சொல்ல வேண்டும். ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தால் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு எடுப்பேன்.

உன்
அம்மா